காஃப் ஸ்கொயர் 17: ஜான்சன் அகராதி வீட்டுக்கு ஆய்வு மாணவர் போவதென்றால்

லண்டன் ஃப்ளீட் ஸ்ட்ரீட்டின் பின்பக்கச் சந்துகளுக்குள் இருக்கும் டாக்டர் ஜான்சன் இல்லத்தைச் சுற்றுலாக்காரர் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடுவார். அகராதியியல், ஆங்கில மொழி வரலாறு, மொழியியல் என்று ஏதோ ஒன்றில் ஆய்வுத் திட்டம் எடுத்திருக்கும் மாணவர் அதே வேகத்தில் பார்த்துவிட்டு வந்தால் நல்ல புகைப்படங்கள் மிஞ்சும், ஆய்வுக்கு ஒன்றும் தேறாது. சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி உருவான வீடுதான் இது. ஆனால் அந்த வேலையின் நேரடித் தடயங்களான துண்டுச் சீட்டுகளும், அவர் பென்சிலால் குறியிட்ட புத்தகங்களும் வேறு நூலகங்களுக்குப் போய்விட்டன. இங்கே எஞ்சியிருப்பது இடம். அந்த இடத்திடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போகிறவருக்கு இந்த வீடு நிறையவே தரும். வெறுங்கையோடு போகிறவருக்கு இது மரப்பலகைச் சுவர்களும் ஓவியங்களும் உள்ள இன்னொரு பழைய வீடு, அவ்வளவுதான்.

முதலில் ஆண்டுக்கணக்கைச் சரியாக வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் மாணவர் கட்டுரைகளில் முதல் பிழை இங்கேதான் வருகிறது. புத்தக வியாபாரிகள் குழு ஒன்று ஜான்சனோடு அகராதிக்கான ஒப்பந்தம் போட்டது 1746 ஜூனில். தொகை 1,500 கினி, அதாவது 1,575 பவுண்டு. உதவியாளர் சம்பளமும் இந்தத் தொகையிலிருந்துதான் போக வேண்டும். அகராதியின் திட்ட அறிக்கை 1747-இல் அச்சாயிற்று. காஃப் ஸ்கொயர் வீட்டுக்கு அவர் குடிவந்தது 1748-இல். ஆக, வேலை இந்த வீட்டில் தொடங்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் முழு வேகம் பிடித்தது. மூன்றே ஆண்டில் முடிப்பதாகச் சொன்னது, 1755 ஏப்ரல் 15-இல்தான் இரண்டு பெரிய ஃபோலியோ (முழுத்தாளை ஒருமுறை மட்டும் மடித்த பெரிய அளவு) தொகுதிகளாக வெளிவந்தது. 42,773 பதிவுகள், சுமார் 1,14,000 மேற்கோள்கள், விலை நாலு பவுண்டு பத்து ஷில்லிங். 1759-இல் ஜான்சன் வீட்டைக் காலி செய்துவிட்டார். ஆண்டு வாடகை 30 பவுண்டு. ஒப்பந்தத் தொகையையும் வாடகையையும் ஆறு உதவியாளரின் கூலியையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். அகராதி என்பது முதலில் ஒரு பணப் பிரச்சினை என்பது விளங்கிவிடும்.

வழி கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம். ஃப்ளீட் ஸ்ட்ரீட்டின் வடபக்கத்தில் ஆள் நுழையும் அகலத்துக்குச் சந்துகள் இருக்கின்றன. ஜான்சன்ஸ் கோர்ட், போல்ட் கோர்ட், ஒயின் ஆபீஸ் கோர்ட் என்று பெயர். எதில் நுழைந்தாலும் கடைசியில் காஃப் ஸ்கொயர் வந்துவிடும். ஜான்சன்ஸ் கோர்ட் என்ற பெயர் நம் ஜான்சனால் வந்ததல்ல. பின்னாளில் அவர் அங்கேயும் சில காலம் குடியிருந்தார் என்பது தற்செயல். உயரமான அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே கைபேசி வரைபடத்தில் இருப்பிடப் புள்ளி அங்குமிங்கும் தாவும், அதனால் பலகைகளைப் பார்த்து நடப்பதே நல்லது. சான்சரி லேன், பிளாக்ஃபிரையர்ஸ் இரண்டும் நடக்கும் தூரத்தில் இருக்கும் நிலையங்கள். இல்லத்தை நடத்துவது ஓர் அறக்கட்டளை. திறக்கும் நாட்களும் கட்டணமும் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் வாரத்தில் அவர்களுடைய இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். வாசலில் படிகள் உண்டு, உள்ளே லிஃப்ட் கிடையாது. நம் ஆய்வுக்கு முக்கியமான அறை உச்சி மாடியில் இருக்கிறது. படியேற முடியாதவர் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். அங்கே போய் நின்று ஏமாறக் கூடாது.

வீடு 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. ஜான்சனுக்குப் பிறகு தங்கும் விடுதி, அச்சகம், கிடங்கு என்று பல கை மாறி இடியும் நிலைக்கு வந்தது. 1911-இல் சிசில் ஹாம்ஸ்வொர்த் வாங்கிப் புதுப்பித்து, 1914-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் கூரை சேதமாகி மறுபடியும் சரிசெய்யப்பட்டது. ஆய்வுக் குறிப்பில் இதை ஒரு பத்தியாகவாவது எழுதியே ஆக வேண்டும். நீங்கள் பார்ப்பது 1755-ஆம் ஆண்டு வீடு அல்ல; 18-ஆம் நூற்றாண்டு இப்படித்தான் இருந்திருக்கும் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நினைத்துச் சீர்செய்த வீடு. எது மூலம், எது பின்னால் சேர்ந்தது என்ற கேள்வியை ஒவ்வொரு அறையிலும் பணியாளர்களிடம் கேளுங்கள். அவர்கள் ஒளிக்காமல் சொல்லக்கூடியவர்கள். இந்த இல்லத்தின் பெரிய பலமே அதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம். படிக்கட்டு, தரைப்பலகை, சுவர்ப் பலகைகளில் பெரும்பகுதி பழையவை. அறைகலன்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தவை, ஆனால் அவருடையவை அல்ல.

முன்கதவை மட்டும் உள்பக்கத்திலிருந்து நின்று நிதானமாகப் பாருங்கள். கனத்த இரும்புச் சங்கிலி ஒன்று கதவின் குறுக்கே போகிறது. அதன் முனை மாட்டும் கொக்கி திருகாணிபோல முறுக்கிச் செய்யப்பட்டது. மேலே உள்ள கண்ணாடியை உடைத்து, நீளக் குச்சி விட்டுச் சங்கிலியைத் தூக்கிக் கழற்றப் பார்த்தால் வராது. முறுக்கின் வழியே சுற்றிச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். கதவுக்கு மேலிருக்கும் அந்தக் கண்ணாடிச் சாளரத்தின் குறுக்கே கூர்முனைகள் வைத்த இரும்புக் கம்பி ஒன்றும் இருக்கிறது. சின்னப் பையன்களை அந்த இடைவெளி வழியாக உள்ளே இறக்கிவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்லும் திருட்டுக்குத் தடுப்பு அது. வீட்டின் மிகச் சிறந்த காட்சிப்பொருள் இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு, அதில் தப்பில்லை. மொழி மாணவருக்கு இதில் ஒரு வேலையும் இருக்கிறது. பூட்டு, தாழ்ப்பாள், சங்கிலி, கொக்கி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை ஜான்சன் அகராதியில் எடுத்து வைத்துக்கொண்டு இந்தக் கதவின் முன் நின்று படித்தால், பார்த்துப் பழகிய பொருளை அவர் எப்படி வரையறுத்தார் என்பது கண்ணெதிரே தெரியும். எளிய பொருளை வரையறுப்பதுதான் அகராதிக்காரருக்குக் கஷ்டம். வலைப்பின்னல் (நெட்வொர்க்) என்பதற்கு அவர் எழுதிய வரையறை வலையைவிடச் சிக்கலாக இருந்ததை இரண்டரை நூற்றாண்டாக எல்லாரும் கிண்டலடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தரைத்தளத்தை வேகமாகக் கடந்துவிடலாம். முதல் மாடியில் இரண்டு அறைகளுக்கு நடுவே கீல் வைத்த பலகைச் சுவர்கள் இருக்கின்றன. மடக்கித் திறந்தால் மாடி முழுக்க ஒரே கூடம். மூடினால் தனித்தனி அறை. ஜான்சனோடு பார்வையிழந்த கவிஞர் அன்னா வில்லியம்ஸ் வாழ்ந்தார், மருத்துவம் பார்த்த ராபர்ட் லெவெட் வந்து போனார். மனைவி எலிசபெத் 1752-இல் இறந்த சில வாரத்தில், ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்த ஃபிரான்சிஸ் பார்பர் என்ற சிறுவன் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தான்; கடைசியில் ஜான்சனின் சொத்தில் பெரும்பங்கு அவருக்கே எழுதிவைக்கப்பட்டது. இல்லம் பார்பர் பற்றிச் சொல்வது இப்போது நன்றாகவே இருக்கிறது. ஆனால் அகராதியை மையமாக வைத்து எழுதும் மாணவர் பார்பரை வலிந்து உள்ளே இழுக்க வேண்டாம். அவர் வரும்போது வேலை பாதிக்கு மேல் போய்விட்டது. வீட்டில் யார் யார் ஆங்கிலத்தை எந்தெந்த வட்டாரத் தொனியில் பேசினார்கள் என்பது கேள்வியானால் மட்டும் அவர் முக்கியமாகிறார், அப்போது அது உண்மையிலேயே நல்ல கேள்வி.

சீனப் பெருஞ்சுவரின் செங்கல் ஒன்று, தேநீர்ச் சாமான்கள், மதுக்கடையிலிருந்து வந்த நாற்காலி, நடிகர் டேவிட் காரிக்கின் பெட்டி என்று ரசிக்கத்தக்க பொருட்கள் உண்டு. அவற்றை ரசித்துவிட்டு மேலே ஏறுங்கள்.

மச்சு அறைதான் வீட்டின் உயிர். கூரைக்கு அடியில் மாடி முழுவதும் நீளும் ஒரே அறை. ஆறு எழுத்தர்கள் இங்கே வேலை செய்தார்கள், அதில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஓட்ஸ் என்ற சொல்லுக்கு ‘இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவது, ஸ்காட்லாந்தில் மக்களைத் தாங்குவது’ என்ற பொருளில் எழுதிய பிரபலமான குறும்பு, தலைக்கு மேல் ஐந்து ஸ்காட்லாந்துக்காரர்களை உட்கார வைத்துக்கொண்டு எழுதியது என்பதை இந்த அறையில் நின்றால்தான் சரியாக உணர முடியும்.

வேலை நடந்த முறை இதுதான். ஜான்சன் புத்தகங்களைப் படித்து, எடுக்க வேண்டிய சொல்லின் கீழ் கோடிட்டு, பகுதியின் தொடக்கமும் முடிவும் குறித்து, ஓரத்தில் அந்தச் சொல்லின் முதல் எழுத்தைப் பென்சிலால் எழுதுவார். எழுத்தர்கள் அந்தப் பகுதியைப் படியெடுப்பார்கள். படியெடுத்தவை எழுத்துவாரியாகச் சேரும். பிறகு ஜான்சன் பொருள்களைப் பிரித்து வரிசைப்படுத்தி, வரையறையும் சொற்பிறப்பும் எழுதுவார். முதலில் குறிப்பேடுகளில் சொற்களுக்கு இடம் விட்டு எழுதத் தொடங்கினார்கள். அது தோற்றுப்போனது. காரணம் எந்த அகராதி வேலைக்கும் பொருந்தும்: ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் வரும், எத்தனை மேற்கோள் சேரும் என்று முன்கூட்டித் தெரியாது. விட்ட இடம் ஒரு சொல்லுக்குப் பற்றாது, அடுத்ததற்கு வீணாகும். தாளின் இருபக்கமும் எழுதிவிட்டால் வெட்டி மாற்றி ஒட்டவும் முடியாது. ஆக, பாதி வழியில் முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. அகராதி ஏன் மூன்று ஆண்டில் முடியவில்லை என்பதற்கு ஜான்சனின் சோம்பலைக் காரணம் சொல்லும் கட்டுரைகள் ஏராளம். தாள் நிர்வாகமே பெரிய காரணம்.

இந்த இடத்தில்தான் அறை பேசுகிறது. ஃபோலியோ புத்தகம் ஒன்றைத் திறந்து வைக்க எவ்வளவு மேசை வேண்டும்? ஆறு பேர் எழுத, நடுவே ஒருவர் புத்தகங்களோடு நடமாட, சேர்ந்த தாள்களை எழுத்துவாரியாக அடுக்க, இந்த நீளமும் அகலமும் போதுமா? குளிர்காலத்து லண்டனில் பகல் எத்தனை மணிக்குப் போகும், எந்தச் சாளரத்தடியில் உட்கார்ந்தவர் கடைசி வரை எழுத முடியும்? கணப்பு எங்கே, சாய்ந்த கூரையடியில் நிமிர்ந்து நிற்க முடியாத பகுதி எது? இவற்றை எந்தப் புத்தகமும் இந்த அளவுக்குச் சொல்லாது. ஒரு தாளில் அறையின் தரைவரைபடத்தைக் கையால் வரைந்து, சாளரங்கள், கதவு, கணப்பு, படிக்கட்டு வாய் ஆகியவற்றைக் குறித்து, ஃபோலியோவின் அளவையும் ஒரு மேசையின் அளவையும் அதே விகிதத்தில் வெட்டிய காகிதத் துண்டுகளாக வைத்துப் பாருங்கள். நாடா போட்டு அளப்பதற்கு முன் பணியாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். பெரும்பாலும் காலடி வைத்து எண்ணினாலே திட்டத்துக்குப் போதும்.

அறையை நம்பும் அளவுக்குச் சாட்சிகளை நம்பக் கூடாது. மேல்மாடி அறையை வியாபாரக் கணக்குக் கூடம் போல அமைத்து, அங்கே எழுத்தர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார் என்ற புகழ்பெற்ற வரி, ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல் எழுதியது. எல்லாரும் அதை எடுத்துப் போடுகிறார்கள். பாஸ்வெல் ஜான்சனை முதன்முதலில் சந்தித்தது 1763 மே மாதம். அகராதி வந்து எட்டு ஆண்டு, இந்த வீட்டைக் காலி செய்து நாலு ஆண்டு ஆகியிருந்தது. வேலை நடக்கும்போது அவர் இந்த மச்சைப் பார்த்ததே இல்லை. இன்னொரு சாட்சி இசையறிஞர் சார்ல்ஸ் பர்னி. அவர் 1758-இல் நேரில் வந்து, மச்சில் ஐந்தாறு கிரேக்க ஃபோலியோக்களும், ஒரு சாதாரண மர எழுதுமேசையும், ஒன்றரை நாற்காலியும் இருந்ததாகச் சொன்னார். முழு நாற்காலியை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு, மூன்று காலும் ஒரு கையும் மட்டும் இருந்த நாற்காலியில் ஜான்சன் ஆடிக்கொண்டே உட்கார்ந்தாராம். கண்ணால் கண்ட சாட்சிதான், ஆனால் அதுவும் அகராதி முடிந்து மூன்று ஆண்டு கழிந்த காலி அறை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது யாருக்கு எப்போது தெரிந்தது என்று எழுதும் மாணவருக்கு அந்த ஒரு பக்கத்துக்கே நல்ல மதிப்பெண் விழும்.

அகராதியை வீட்டில் படித்துவிட்டுத்தான் இந்த வீட்டுக்குப் போக வேண்டும். 1755 முதல் பதிப்பும் 1773 நான்காம் பதிப்பும் இணையத்தில் ‘ஜான்சன்ஸ் டிக்‌ஷனரி ஆன்லைன்’ என்ற தளத்தில் இலவசமாகத் தேடும் வசதியோடு கிடைக்கின்றன; சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் பணி அது. பதினைந்து இருபது சொற்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் பொருள் எண்ணிக்கை, மேற்கோள் எண்ணிக்கை, யாருடைய மேற்கோள், பயன்பாடு பற்றிய கண்டிப்பு ஏதாவது உண்டா என்று அட்டவணை போட்டு அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சொல் தேர்வில் வேடிக்கை வரையறைகளை ஒதுக்கிவிடுவது நல்லது. ஓட்ஸ், புரவலர், அகராதிக்காரர் என்பவரைத் ‘தீங்கற்ற கூலிக்காரர்’ என்று சொன்னது ஆகிய மூன்றையும் எல்லாரும் எழுதியாயிற்று. நாற்பத்தீராயிரம் பதிவில் அவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றை வைத்து அகராதியின் தன்மையைச் சொன்னால் மதிப்பீட்டாளர் முதல் வரியிலேயே கேட்பார்.

அதற்குப் பதிலாக, சாதாரண வினைச்சொற்களை எடுங்கள். டேக் என்ற வினைக்கு ஜான்சன் 134 பொருள் பிரித்திருக்கிறார். ஜான்சனின் சாதனை சொற்களின் எண்ணிக்கை அல்ல. நேதன் பெய்லி 1730-இல் போட்ட அகராதியில் தலைச்சொற்கள் இதைவிட அதிகம். ஒரு சொல்லின் பொருள்களை நுணுக்கமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கியச் சான்று காட்டியதில்தான் அவர் ஆங்கில அகராதியை வேறு தளத்துக்குக் கொண்டுபோனார். தமிழ் மாணவருக்கு இதில் கைக்கெட்டிய ஒப்பீடு ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதுவும் பொருளைப் பிரித்து எண்ணிட்டு இலக்கிய இடம் சுட்டுகிறது. ‘எடு’ என்ற வினையை அதில் எடுத்து, டேக் பதிவோடு பொருள் வரிசை, சான்றுகளின் காலம், பேச்சுவழக்குக்குக் கொடுத்த இடம் ஆகிய மூன்றில் ஒப்பிட்டால் ஒரு முதுகலைக் கட்டுரைக்குப் போதுமான சரக்கு கிடைக்கும். வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-ஆம் ஆண்டது, ஜான்சனுக்கும் முந்தியது. ஆனால் அதன் அமைப்பே வேறு, மேற்கோள் அகராதி அல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிடக் கூடாது.

பழைய பதிப்பைப் பார்க்கும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில. ஐ, ஜே இரண்டு எழுத்துகளும் ஒரே வரிசையில் கலந்து வரும். யூ, வி இரண்டும் அப்படியே. ஜே-யில் தொடங்கும் சொல்லைத் தேடி ‘இல்லை’ என்று எழுதிவிட்ட கட்டுரைகள் உண்டு. நீள எஸ் எழுத்து எஃப் போலத் தோன்றும். குறுக்குக்கோடு முழுதாக இருக்கிறதா என்று பார்த்தால் பிரித்துவிடலாம், இயந்திர வாசிப்பில் எடுத்த பனுவலில் இது பிழையாகவே கிடக்கும். எக்ஸ் எழுத்தில் எந்தச் சொல்லும் இல்லை. அந்த எழுத்தில் ஆங்கிலச் சொல் எதுவும் தொடங்குவதில்லை என்று ஜான்சன் ஒரு குறிப்போடு முடித்துவிடுகிறார், அது விடுபட்ட பக்கம் அல்ல. உச்சரிப்பு கிடையாது, அழுத்தக் குறி மட்டும்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் பதிப்புக் கலப்பு. 1756-இல் வந்த சிறிய சுருக்கப் பதிப்பில் மேற்கோள்கள் இல்லை, ஆசிரியர் பெயர்கள் மட்டும் உண்டு. 1773 பதிப்பை ஜான்சனே பெரிதாகத் திருத்தினார். இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு மறுபதிப்பை வைத்துக்கொண்டு ‘1755-இல் இப்படி எழுதினார்’ என்று சொல்வது மதிப்பெண்ணைக் கரைக்கும் வழி.

மேற்கோள்களிலும் உஷார் தேவை. எடுத்துக்காட்டுகளைச் சிதைத்திருப்பதாகவும், அவற்றை மூல ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் ஜான்சனே முன்னுரையில் எச்சரிக்கிறார். வரியைச் சுருக்குவார், நடுவில் வெட்டுவார். ஆகவே அகராதியிலிருந்து பத்து ஷேக்ஸ்பியர் மேற்கோளை எடுத்து மூல நாடகத்தோடு ஒப்பிட்டு, வெட்டு எங்கே விழுந்தது, அதனால் சொல்லின் பொருள் தெளிந்ததா மாறியதா என்று பார்ப்பது சிறிய அளவில் முடிக்கக்கூடிய அருமையான திட்டம். வாழ்ந்துகொண்டிருந்த எழுத்தாளர்களை அவர் பொதுவாகத் தவிர்த்தார். ஆனால் நண்பர் சாமுவேல் ரிச்சர்ட்சனுக்கும் நாவலாசிரியர் சார்லட் லெனாக்ஸுக்கும் அந்த விதி தளர்ந்தது. அதுவும் நல்ல கேள்வி.

இல்லத்தில் அகராதியின் நகல் பதிப்பைப் புரட்டிப் பார்க்க விடுவார்கள். அங்கே போய்ப் புதிதாகச் சொல் தேட உட்காராதீர்கள், நேரம் போய்விடும். திரையில் பார்த்து அட்டவணை போட்ட சொற்களில் நாலைந்தை மட்டும் தாளில் கண்டுபிடியுங்கள். பக்கத்தின் பரப்பு, எழுத்தின் சிறுமை, ஒரு நீண்ட பதிவு பக்கம் பக்கமாக ஓடும் விதம், தேடும்போது கை படும் சிரமம் ஆகியவை திரையில் வராது. அச்சுப் பிழை திருத்தியவரின் கண் எதைப் பார்த்தது என்பது அப்போதுதான் பிடிபடும்.

வந்து பார்க்கத் தகாத திட்டங்களும் உண்டு. ஜான்சனின் திருத்தும் முறையைத் துண்டுச் சீட்டு அளவில் ஆராய்வதென்றால் இந்த வீட்டுக்கு வருவது வீண். திருத்தப் பதிப்புக்கான சீட்டுகளும் தாள்களும் சேர்ந்த ஒரு முக்கியத் தொகுப்பு அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அவர் குறியிட்ட புத்தகங்களில் தப்பிப் பிழைத்தவை ஒரு டஜனைச் சுற்றித்தான், அவையும் பல நூலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியோடு ஒப்பிட நினைப்பவர், அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரேயின் சீட்டறை இப்போது இல்லை என்பதையும் கணக்கில் கொள்ளட்டும். ஜான்சனின் வேலை நடந்த அறையோ இன்றும் நிற்கிறது. காஃப் ஸ்கொயரின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

நேரத் திட்டம் இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் அரைமணி நேரம் குறிப்பெழுதாமல் கீழிருந்து மேல்வரை ஒருமுறை நடந்துவிடுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் முழுக்க மச்சில். பிறகு நகல் அகராதி. கடைசியாகக் கீழே இறங்கும்போது, பார்த்த ஒவ்வொன்றுக்கும் ‘மூலம்’, ‘அந்தக் காலத்தது’, ‘பிற்காலச் சேர்க்கை’ என்று மூன்று குறிகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டே வாருங்கள். குறி போட முடியாததைப் பணியாளரிடம் கேளுங்கள். காட்சி அட்டையில் எழுதியிருப்பதை அப்படியே ஆதாரமாகக் காட்டாமல், அட்டையின் புகைப்படத்தை எடுத்துவைத்து, தகவலை வேறு நூலில் சரிபார்ப்பது பாதுகாப்பு. உங்கள் உபயோகத்துக்குப் படம் எடுப்பது வேறு, ஆய்வேட்டில் அச்சிடுவது வேறு. இரண்டாவதற்கு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக் குழுக்கள் வரும் நாளில் மச்சு சந்தைக்கடையாகிவிடும், அந்தக்காலத்து ஆடைகளைப் போட்டுப் பார்க்கும் இடமும் அங்கேயே இருப்பதால் சத்தம் நிச்சயம். குழு வராத நேரம் எது என்று மின்னஞ்சலில் கேட்டால் சொல்வார்கள்.

வெளியே வரும்போது சதுக்கத்தின் எதிர்ப்பக்கத்தில் ஜான்சனின் பூனை ஹாட்ஜுக்குச் சிலை, காலடியில் சிப்பி ஓடுகளோடு. 1997-இல் வைத்தது. கட்டுரைக்கு உதவாது, படம் எடுக்கலாம்.

பணியாளர்களிடமோ பார்வையாளர்களிடமோ நேர்காணல் எடுப்பது திட்டத்தில் இருந்தால், பிரிட்டனில் படிக்கும் மாணவர் தம் துறையின் நெறிமுறை ஒப்புதலை முன்பே வாங்கியிருக்க வேண்டும். வருகைக்குப் பிறகு விண்ணப்பித்தால் அந்த உரையாடலைக் கட்டுரையில் சேர்க்க விடமாட்டார்கள், ஒப்புதலுக்குச் சில வாரங்களும் பிடிக்கும். இல்லத்துக்கென்று ஜான்சன் தொடர்பான நூலகம் ஒன்றும் இருக்கிறது. அதைப் பயன்படுத்த முன்பதிவு வேண்டும். அதற்கு எழுதும்போது ‘ஜான்சனைப் பற்றி ஆய்வு செய்கிறேன்’ என்று பொதுவாக எழுதாமல், உங்கள் கேள்வி ஒன்று, பார்க்க விரும்பும் நூல் இரண்டு மூன்று, வர முடிந்த தேதிகள் சில, வழிகாட்டும் ஆசிரியரின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். சின்ன அமைப்பு அது, ஆள் குறைவு. தெளிவாகக் கேட்பவருக்குத்தான் அவர்களால் எதையாவது எடுத்துவைக்க முடியும்.